வேதாளத்தின் வினா: அம்புலிமாமாவும் சிறார் ஆளுமையும்

ஐதராபாத்தின் அமீர்பேட் பகுதியில், மைத்ரிவனத்தைச் சூழ்ந்த சந்துகளில், கணினிப் பயிற்சி நிலையங்களும் அவற்றை நம்பி எழுந்த விடுதிகளும் நெருங்கி அமைந்துள்ளன. அவ்விடுதிகளுள் ஒன்றில் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த இரு இளைஞர்களின் பேச்சைக் கேட்கும் வாய்ப்பு இக்கட்டுரையாளர்க்குக் கிட்டியது. ஒருவர் தெலுங்கர், மற்றவர் தமிழர். மூன்றுமுறை தவறிய தேர்வொன்றை நான்காம் முறையாக எழுதச் சென்றிருந்த நண்பரைப் பற்றிய பேச்சு அது. தெலுங்கு இளைஞர் அந்நண்பரைப் ‘பட்டு வதலனி விக்ரமார்க்குடு’ என்றார். தமிழ் இளைஞரோ, ‘வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிடுச்சு’ என்றார். முன்னது பாராட்டு, பின்னது நகையாட்டு. இரண்டும் ஒரே கதையிலிருந்து பிறந்த தொடர்கள். அக்கதையை எங்கே படித்தீர்கள் என்று வினவியபோது, இருவரும் படித்ததில்லை என்றனர். வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான்.

இளமையில் படிக்கும் இலக்கியம் ஆளுமையை உருவாக்குகிறது என்பது கல்வியாளர் பலரும் ஒப்புக்கொண்ட கருத்து. ஆயின் இதனை மெய்ப்பித்தல் எளிதன்று. படித்து வளர்ந்தோர் தம் இளமையைப் பற்றிக் கூறும் சான்றுகளில் ஏக்கமும் தற்பெருமையும் கலந்திருக்கும். மேலும், மாதந்தோறும் ஓர் இதழ் வாங்கித் தரக்கூடிய வீட்டில் பிறந்த குழந்தைக்கு வேறு பல வாய்ப்புகளும் இருந்திருக்கும்; எது எதனால் விளைந்தது என்று பிரித்தறிவது கடினம். எனவே நினைவுக் குறிப்புகளை விடுத்து, ஒரு தலைமுறையின் படிப்பு அதன் பேச்சில் விட்டுச்சென்ற தடங்களையும், அப்படிப்பு எவ்வகை மொழிவடிவங்களில் குழந்தையைப் பழக்கியது என்பதையும் நோக்குவதே மொழியியலாளர்க்குரிய வழி எனலாம். அவ்வழியில் ‘அம்புலிமாமா’ இதழின் வேதாளக் கதைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இதழும் அதன் மொழியும்

1947ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சென்னையிலிருந்து தெலுங்கில் ‘சந்தமாமா’ என்ற பெயரிலும் தமிழில் ‘அம்புலிமாமா’ என்ற பெயரிலும் ஒரு சிறுவர் மாத இதழ் வெளிவரத் தொடங்கியது. திரைப்படத் தயாரிப்பாளர் பி. நாகிரெட்டியும் அவர்தம் நண்பர் சக்ரபாணியும் அதனைத் தோற்றுவித்தனர். சக்ரபாணி அடிப்படையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் என்பது நம்மனோர் நினைவிற்கொள்ளத் தக்கது. சரத்சந்திரரின் வங்காளப் புதினங்களைத் தெலுங்குக்குக் கொண்டுவந்தவர் அவர். 1949இல் கன்னடமும் இந்தியும் சேர்ந்தன. 1955இல் ஆங்கிலம் வந்தது. 2004இல் சந்தாலிவரை அவ்விதழ் சென்றது. பன்மொழிக் குழந்தை இதழ் என்னும் வகையில் இத்தகைய பரப்பை எட்டிய இந்திய இதழ் மற்றொன்று இல்லை எனத் துணிந்து கூறலாம்.

1952 முதல் 1980இல் தாம் மறையும்வரை இதழின் ஆசிரியப் பொறுப்பைச் சுமந்தவர் கொடவட்டிகண்டி குடும்பராவ். தெலுங்கில் முதன்மையான புனைகதையாளர், பகுத்தறிவாளர், இடதுசாரிச் சிந்தனையாளர். பேய்க்கதைகளை மாதந்தோறும் வெளியிட்ட இதழுக்கு இத்தகையவர் ஆசிரியராக அமைந்ததை முரண் என்று சிலர் கருதக்கூடும். வேதாளக் கதைகளின் உள்ளமைப்பை நோக்குவோர்க்கு அது முரணாகத் தோன்றாது. பின்னர் இது விளக்கப்படும். வெளியிலிருந்து வந்த கதைகளையும் திருத்தி எழுதி ஒரே நடைக்குக் கொண்டுவருவது அவர் வழக்கம். அங்ஙனம் செப்பமுற்ற தெலுங்குப் பாடமே பிறமொழிப் பதிப்புகளுக்கு மூலமாயிற்று.

தமிழ்ப் பதிப்பின் மொழிபெயர்ப்பாளர்களைப் படித்தோர் அறியார். அவர்கள் பெயர் வாசகர் நெஞ்சில் பதியவில்லை, நடை பதிந்தது. ஓவியங்கள் எல்லா மொழிகளுக்கும் பொதுவாக இருந்தமையால், அவ்வோவியங்களைச் சூழ்ந்த இடத்துக்குள் தமிழ்ப் பாடம் அடங்க வேண்டியிருந்தது. சிறு வாக்கியங்கள்; படர்க்கை இறந்தகால வினைமுற்றுகள்; ‘என்றான்’, ‘என்று கேட்டாள்’ என முடியும் நேர்கூற்றுகள். அரசனும் குடியானவனும் திருடனும் ஒரே எழுத்துத் தமிழில் பேசினர். வட்டார வழக்குக்கோ சாதி வழக்குக்கோ அங்கு இடமில்லை. இலக்கியத் திறனாய்வாளர் இதனை உயிரற்ற நடை என்று குறைகூறலாம். இரட்டை வழக்குடைய ஒரு மொழியில், ஐந்து வயதுவரை பேச்சுத் தமிழ் மட்டுமே அறிந்த குழந்தைக்கு இந்நடை ஆற்றிய பணி வேறு. பாடநூலின் செய்யுட் கடுமைக்கும் வீட்டுப் பேச்சுக்கும் இடையே, அச்சமின்றி நடந்துசெல்லத் தக்க ஒரு பாலமாக அது விளங்கிற்று. வீட்டில் தெலுங்கு கலந்த தமிழ் பேசி, பள்ளியில் தமிழே இல்லாது வளர்ந்த ஐதராபாத், செகந்திராபாத் தமிழ்க் குழந்தைகளுக்கு இத்தகைய எளிய உரைநடை எவ்வளவு உதவியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களுள் எழுத்தறிவு பெற்றோர் 18.33 விழுக்காட்டினரே. இந்நிலையில், பல வீடுகளில் படிக்கத் தெரிந்தவர்களுள் குழந்தையும் ஒருவர்; சில வீடுகளில் குழந்தை ஒருவரே. பாட்டி கதை சொல்லப் பேரன் கேட்ட நிலை மாறி, பேரன் படிக்கப் பாட்டி கேட்ட நிலை தோன்றியது. கதையின் இறுதியில் வேதாளம் வினா எழுப்பும்போது, படிப்பவர் நிறுத்திக் கேட்பவரின் விடையை எதிர்நோக்க முடிந்தது. வீட்டின் மூத்தோரை வினவும் உரிமையைக் கதையே குழந்தைக்கு வழங்கிற்று.

கதையின் பழைய தடம்

வேதாளக் கதைகள் அம்புலிமாமாவின் படைப்பல்ல. கி.பி. 11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் 25 வேதாளக் கதைகள் உள்ளன. அந்நூல், பைசாச மொழியில் குணாட்டியர் இயற்றியதாகக் கூறப்படும் பிருகத்கதையின் வழிவந்தது. குணாட்டியரைச் சாதவாகன மன்னனொருவனின் அவையோடு மரபு இணைக்கிறது. சோமதேவர் கூறும் அரசன் திரிவிக்கிரமசேனன். அவன் நகரம் கோதாவரிக் கரையிலுள்ள பிரதிட்டானம். ஆக, காசுமீரத்தில் எழுதப்பெற்றாலும் கதையின் நிலம் தக்காணமே. தமிழும் இம்மரபுக்குப் புதிதன்று. பிருகத்கதையின் உதயணன் வரலாற்றைக் கொங்குவேளிர் ‘பெருங்கதை’யாகப் பாடினார், அதனை உ.வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தார். வேதாளக் கதைகளோ உரைநடையில் வழங்கின. தமிழ் ‘வேதாளக் கதை’யைப் பாபிங்டன் என்பார் ஆங்கிலத்தில் பெயர்த்து 1831இல் வெளியிட்டார்.

இங்கு மொழியியலாளர் கவனத்துக்குரிய ஒரு சிறு செய்தி உண்டு. வடமொழிக் கதையில் வேதாளம் தொங்கும் மரம் சிம்சபா. தமிழில் அது முருங்கை. முருங்கையிலும் புளியிலும் பேய் உறையும் என்ற நாட்டார் நம்பிக்கை இம்மாற்றத்துக்குக் காரணமாகலாம். முருங்கைக்கு வடமொழியில் சிக்ரு என்று பெயர். சிம்சபா என்பதும் சிக்ரு என்பதும் வாய்மொழியில் மயங்கின எனக் கருதவும் இடமுண்டு. இது ஊகமே. கிளை எளிதில் முறியும் முருங்கையில் பிணம் தொங்குவது எங்ஙனம் என்று எந்தக் குழந்தையும் கேட்கவில்லை போலும்!

இனி, தொடக்கத்தில் கூறிய இரு தொடர்களுக்கு வருவோம். வேதாளம் மீண்டும் மரமேறுவதைச் சுட்டும் தமிழ்ப் பழமொழி, திருந்தாத இயல்பைப் பழிப்பது. கதையில் இருவர் உள்ளனர்: நழுவும் வேதாளம், தொடரும் அரசன். தமிழ்ப் பழமொழி வேதாளத்தின்மீது கண்வைத்தது. தெலுங்குத் தொடர் அரசன்மீது கண்வைத்தது. ‘பட்டு’ என்பது தமிழ்ப் ‘பற்று’ என்பதன் இனச்சொல்; ‘பற்று விடாத விக்கிரமார்க்கன்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். சந்தமாமாவில் ஒவ்வொரு வேதாளக் கதையும் அரசனுக்கு இவ்வடைமொழியைத் தந்தே தொடங்கும். தமிழ்ப் பதிப்பில் அதற்கு நேராக, முயற்சியில் மனந்தளராமையைக் குறிக்கும் ஒரு பெயரெச்சத் தொடர் மாதந்தோறும் விக்கிரமனின் பெயருக்கு முன் நின்றது. இன்று நடுவயதைக் கடந்த தமிழர் பலர், தோற்றும் முயல்வோரை அத்தொடராலேயே குறிப்பிடுவதைக் காணலாம். பாதி பகடியாக, பாதி மெச்சுதலாக. பழமொழியில் இல்லாத ஒரு பார்வை மொழிபெயர்ப்பின் வழியாகத் தமிழுக்கு வந்து, சிறுவர் வாயில் நுழைந்து, அவர்கள் பெரியவர்களானபோது பொதுவழக்காயிற்று. ஒரு சிறுவர் இதழ் ஒரு தலைமுறையின் மனப்பாங்கில் ஏற்படுத்திய மாற்றத்துக்கு நாம் காட்டக்கூடிய சான்றுகளுள் இது உறுதியானது.

இத்தொடர் நிலைபெற்றதில் ஓவியத்துக்கும் பங்குண்டு. 1952இல் இதழில் சேர்ந்த சங்கர் என்னும் கே.சி. சிவசங்கரன் (1924–2020) வரைந்த ஓவியத்தில், உருவிய வாளுடன் பிணத்தைத் தோளிற் சுமந்து அரசன் நடக்கிறான். பல்லாண்டுகள் அவ்வோவியம் பெரிதும் மாறவில்லை. சொல்லும் மாறவில்லை. குழந்தைக்கு இம்மாறாமை சலிப்பைத் தராது. அதுவே உறுதிப்பாட்டைத் தரும்.

ஏவலும் வினாவும்

தமிழ்க் குழந்தைக்கு அறம் புகட்டும் மரபு ஏவல் வடிவில் அமைந்தது. ஆத்திசூடி 109 அடிகளில் செய்யத்தக்கதையும் தகாததையும் ஏவல், எதிர்மறை ஏவல் வடிவங்களில் கூறுகிறது. ‘-ஏல்’ என்னும் எதிர்மறை ஏவல் விகுதியை இன்றைய தமிழர் அறிந்திருப்பதே பெரும்பாலும் அந்நூலால்தான். இம்மரபு அங்கு முடிந்துவிடவில்லை. மு. வரதராசனார் ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’ என எழுதிய கடித நூல்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விடலைப் பருவத்தினர் பலரின் கைந்நூல்களாயின. உறவுப் பெயரால் அழைத்து அறிவுரை கூறும் அம்முறையில் கண்டிப்பு குறைந்து கனிவு மிகுந்தது. எனினும் கூறுபவர் அறிந்தவர், கேட்பவர் அறியாதவர் என்னும் உறவு மாறவில்லை. இதனைக் குறையாகக் கூறுவது எம் கருத்தன்று. நினைவில் நிற்கும் ஒரு சிறு தொடர் இக்கட்டான வேளையில் ஒருவனைத் தடுத்து நிறுத்தியதுண்டு.

வேதாளக் கதை வேறு வகையானது. அங்கு அறிவுரை இல்லை. கதை முடிந்ததும் வேதாளம் ஒரு வினாவை எழுப்புகிறது: இருவருள் குற்றம் யாருடையது? மூவருள் பெருமை யாருக்கு உரியது? தெரிந்தே பிழையான முடிவை ஏன் மேற்கொண்டான்? அரசன் தீர்ப்பு மட்டும் கூறினால் போதாது, காரணமும் கூறவேண்டும். ‘ஏனெனில்’, ‘ஆதலால்’, ‘ஆயினும்’ எனும் இணைப்புச் சொற்களால் கட்டப்பட்ட ஒரு சிறு வாதம் ஒவ்வொரு கதையின் இறுதியிலும் இடம்பெறும். மாதம் ஒருமுறை, ஆண்டுக்குப் பன்னிரண்டு வாதங்கள். எட்டு வயதில் படிக்கத் தொடங்கிப் பதினான்கு வயதில் நிறுத்திய ஒருவர் எழுபதுக்கு மேற்பட்ட வாதங்களைப் படித்திருப்பார். குடும்பராவ் போன்ற பகுத்தறிவாளர் இவ்வடிவத்தைப் போற்றிக் காத்ததில் வியப்பில்லை. மேற்போர்வை மட்டுமே பேய், உள்ளிருப்பது தருக்கம்.

மேலைநாட்டு உளவியலார் சிறாரின் அறவுணர்வை ஆராயக் கைக்கொண்ட முறையும் இதுவே என்பது கருதத்தக்கது. பியாசே 1932இல் வெளியிட்ட நூலில் குழந்தைகளிடம் இரு கதைகளைக் கூறுகிறார். ஒரு சிறுவன் அறியாமல் கதவைத் திறக்கப் பதினைந்து கோப்பைகள் உடைகின்றன. மற்றொருவன் திருட்டுத்தனமாகப் பழப்பாகை எடுக்க முயன்று ஒரு கோப்பையை உடைக்கிறான். எவன் குற்றம் பெரிது? இளங்குழந்தைகள் உடைந்த கோப்பைகளை எண்ணினர். வளர்ந்தோர் நோக்கத்தை எண்ணினர். கோல்பர்க் 1958இல் சிகாகோவில் அளித்த ஆய்வேட்டில் 10, 13, 16 வயதுடைய 72 சிறுவர்களிடம் இத்தகைய இக்கட்டுகளை வைத்தார். அவர் மதிப்பிட்டது விடையை அன்று, விடைக்குக் கூறிய காரணத்தை. வேதாளமும் அவ்வாறே செய்தது. வேறுபாடு ஒன்றுண்டு: உளவியலார் அளக்கக் கேட்டனர், வேதாளம் பழக்கக் கேட்டது.

இன்னும் ஆழமானது வினாவைச் சூழ்ந்த நிபந்தனை. அரசன் வாய்திறந்தால் சுமை நழுவும். மீண்டும் தொடக்கத்திலிருந்து நடக்கவேண்டும். விடை அறிந்தும் வாய்மூடி இருந்தால் தலை சிதறும். இலக்கணப்படி நோக்கின், ‘அறிந்தும்’ எனும் உம்மையில்தான் கதையின் முழு எடையும் தங்கியிருக்கிறது. அறியாதவனுக்குத் தண்டனையில்லை. அறிந்து மறைப்பவனுக்கே தண்டனை. உண்மை கூறுபவனுக்குப் பரிசும் இல்லை; இழப்பே உண்டு. இதனை ஏவலாகக் கூறியிருந்தால் ‘அறிந்ததை மறையாதே’ என்ற ஓர் அடியாகச் சுருங்கியிருக்கும். அரசன் ஒவ்வொரு மாதமும் தோற்றதைக் கண்ட குழந்தையோ, அத்தோல்வியைத் தோல்வியாக எண்ணாமல் இருக்கக் கற்றது.

அமீர்பேட்டின் நடைபாதைகளில் பயிற்சிப் பாடங்களின் ஒளிப்படிகள் கட்டுக்கட்டாக விற்கப்படுகின்றன. நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் வினாக்களும் அவற்றுக்குரிய விடைகளும் அவற்றில் ஒருங்கே உள்ளன. இதனை இகழ்வதற்கில்லை; பல ஏழைக் குடும்பங்களைத் தூக்கிவிட்ட தாள்கள் அவை. அங்கு வினாவும் விடையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்பது மட்டுமே நாம் குறிக்க விரும்புவது. அம்புலிமாமாவிலும் விடை அடுத்த பத்தியில் இருந்தது. இடையே ஒரு மூச்சளவு இடைவெளி இருந்தது. அவ்விடைவெளியில் குழந்தை தன் தீர்ப்பைக் கூறிப் பார்த்தது.

அரசன் கேளாத குரல்கள்

இவ்வளவு கூறியபின் மறுபக்கத்தையும் கூறுதல் கடன். அரசனின் விடைகள் எல்லாம் ஏற்கத்தக்கன அல்ல. மூவர் ஒரு பெண்ணை விரும்பினர், அவள் இறந்தாள். ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுசென்றான். ஒருவன் சாம்பல்மீது படுத்துக் கிடந்தான். ஒருவன் மந்திரத்தால் உயிர்ப்பித்தான். உயிர் தந்தவன் தந்தை, எலும்பு சுமந்தவன் மகன், சாம்பலில் கிடந்தவனே கணவன் என்பது தீர்ப்பு. தருக்கம் அழகானது. உயிர்பெற்றெழுந்த பெண்ணை எவரும் கேட்கவில்லை. அரசனுக்காக மகனைப் பலியிட்ட வீரவரன் கதையில் பெருமை அரசனுக்கே வழங்கப்படுகிறது. பணியாள் உயிர்விடுவது இயல்புதானே என்பது வாதம். குழந்தையின் உள்ளத்தில் இவையும் சென்று தங்கின. 1982இல் கரோல் கில்லிகன் கோல்பர்க்கின் அளவுகோலில் பெண்களின் குரல் இல்லை என்று சுட்டிக்காட்டியது வேதாளத்துக்கும் பொருந்தும்.

ஆயினும் வினா வடிவத்துக்கு ஒரு தற்காப்பு உண்டு: வழங்கிய விடையை மறுக்க அதுவே வழிவிடுகிறது. தலை மாறிய இருவர் கதையில், உறுப்புகளுள் தலையே முதன்மையானது, எனவே கணவனின் தலை உள்ளவனே கணவன் என்று அரசன் தீர்த்தான். தாமசு மன் 1940இல் ஒரு குறும்புதினத்திலும், கிரீசு கர்னாட் 1971இல் ‘ஹயவதன’ நாடகத்திலும் அவ்விடையை ஏற்காது கதையை மேலே நடத்தினர். ஏவலை மீறலாம், அதனோடு வாதிட இயலாது.

இதழின் முடிவு சுருக்கமானது. 1998இல் வெளியீடு தடைப்பட்டு, மீண்டும் தொடங்கி, 2007இல் மும்பையைச் சேர்ந்த ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கைக்கு மாறி, 2013 வாக்கில் நின்றுபோயிற்று. கல்கி குழுமத்தின் ‘கோகுலம்’ 1972இல் தொடங்கி 2020இல் நின்றது. ஐதராபாத்தில் ஞாயிறுதோறும் ஆபிட்சு நடைபாதையில் கூடும் பழைய புத்தகக் கடைகளில், வீட்டார் ஆண்டுவாரியாகக் கட்டடம் செய்து வைத்திருந்த சந்தமாமாத் தொகுதிகள் எப்போதேனும் கண்ணிற் படுவதுண்டு. வாங்குவோர் நரைத்த தலையினர்.

சோமதேவரின் நூலில் அரசன் விடைகூறாத கதை ஒன்றுண்டு. அதுவே இறுதி வினா. தந்தையும் மகனும் காட்டில் இரு பெண்களின் காலடித் தடங்களைக் காண்கின்றனர். பெரிய தடத்துக்குரியவளைத் தந்தையும் சிறிய தடத்துக்குரியவளை மகனும் மணப்பதென உறுதி செய்கின்றனர். பெரிய தடம் மகளுடையது, சிறியது தாயினுடையது. உறுதி மாறாது தந்தை மகளையும் மகன் தாயையும் மணந்தனர். அவ்விரு இணைகளுக்கும் பிறந்த குழந்தைகள் ஒருவர்க்கொருவர் என்ன உறவு? அரசனுக்குத் தெரியவில்லை, பேசாமல் நடந்தான். வேதாளம் மகிழ்ந்து அவனைக் காத்தது.

இக்கதையைப் பெயர்ப்பவர் ஒருமுறையேனும் அவ்வுறவைத் தமிழில் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். தந்தைக்கும் மகளுக்கும் பிறந்தவன், மகனின் தம்பி. ஆதலின் மற்றவனுக்குச் சித்தப்பா. மகனுக்கும் தாய்க்கும் பிறந்தவன், மகளின் தம்பி. ஆதலின் முன்னவனுக்குத் தாய்மாமன். ஒருவனை ஒருவன் மூத்த முறையால் அழைக்கவேண்டும். ஆங்கிலத்தில் இருவர்க்கும் ‘அங்கிள்’ என்று எழுதிக் கடந்துவிடலாம். தமிழும் தெலுங்கும் அதற்கு இடங்கொடா. முன்னது பெண்ணாகவும் பின்னது ஆணாகவும் பிறந்திருந்தால் சிக்கல் இன்னும் கூடும். அவன் அவளுக்குத் தாய்மாமன். எனவே நம் வழக்கப்படி மணமுறை உடையவன். அவள் அவனுக்கு அத்தை. எனவே மணமுறை இல்லாதவள்.